நாலாம் மாடி வருகைக் கூடம்

இரவுப் பணி முடிந்து
தானா மேராவில் ரயில் மாறி
நின்றபடியே தூங்கி
பிடோக்கைத் தவறவிட்டு
கெம்பாங்கனில் விழித்துத் திரும்பி
வீட்டுக்கு வந்து பார்த்தால்
என் மூங்கில் கழியில்
எனக்குச் சொந்தமில்லாத காலுறை.

சின்னது. மஞ்சள்.
கணுக்காலருகே டைனோசர்,
துவைத்துத் துவைத்து ஒரு கண் போனது.
எனக்கு மேலே இன்னும் பத்து மாடி.
காற்று முகவரி எழுதித் தருவதில்லை.

இந்த வேலை எனக்குப் பழக்கம்தான்.
பன்னிரண்டு வருஷமாய் சாங்கியில்
காணாமல்போன பெட்டிகளுக்குப் பதில் சொல்கிறேன்.
பெட்டி பெர்த்துக்குப் போய்விட்டது, ஐயா.
பெட்டி இன்னும் டாக்காவிலேயே இருக்கிறது, அம்மா.
மன்னிக்கவும் என்பதை
ஆறு மொழிகளில் சொல்வேன்,
கோப்பி கேட்பதைவிடச் சரளமாக.
பெட்டி கிடைத்த பிறகு
நன்றி சொல்லத் திரும்பி வந்தவர்
ஒரே ஒருவர். அவரும்
குடையை மறந்துவிட்டதால் வந்தவர்.

அதனால், தூங்கப் போகுமுன்
சட்டைப்பையில் தங்கிவிட்ட
பெட்டிச் சீட்டு ஒன்றைக்
காலுறையில் கட்டினேன்.
புறப்பட்ட இடம்: மேலே.
பயண எண்: காற்று ஒன்று.
சேதம்: ஒரு கண், முன்பே போனது.
பொறுப்பு: அமலன், நாலாம் மாடி.
கீழே, மின்தூக்கிக்குப் பக்கத்தில்
நகர மன்ற அறிவிப்புப் பலகையில்
துணிக்கவ்வியால் மாட்டிவிட்டு வந்தேன்.

எழுந்தபோது மாலை நாலு.
இரும்புக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை.
உள்ளே குவே லாப்பிஸ் இரண்டு துண்டு.
சீட்டின் மறுபுறம் கிரேயானில்:
வந்து சேர்ந்தது.
இடது கால் ரொம்ப அழுதது.

குவேயை ஒரேயடியாய்க் கடிக்காமல்
சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று
அடுக்கடுக்காய் உரித்துத் தின்றேன்.
நாற்பத்து மூன்று வயது எனக்கு.
யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன்
கழியில் மறுபடியும் டைனோசர்.
இதற்கு இரண்டு கண்ணும் இருந்தன.
இது இடது கால்.
அன்று காற்றே இல்லை.
எதிர் புளோக்கில் ஒரு கைக்குட்டைகூட அசையவில்லை.

கீழே போனேன்.
உயரத்திலிருந்து பொருள் எறிவது குற்றம் என்று
நான்கு மொழிகளில் அறிவிப்பு.
தமிழில் படித்தேன்.
எதற்கும் இருக்கட்டுமென்று ஆங்கிலத்திலும் படித்தேன்.
காலுறை என்று எங்கும் இல்லை.
சீட்டு எழுதினேன்:
காற்று இரண்டு. காரணம், விசாரணையில்.

சனிக்கிழமை மின்தூக்கியில்
பதினொன்று அழுத்தியிருந்த ஓர் அம்மா,
காலில் செருப்பு மட்டும் போட்ட ஒரு சிறுமி.
எல்லாரும் செய்வதுபோல
எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
சிறுமி மட்டும்
என் கழுத்திலிருந்த அட்டையை
எழுத்தெழுத்தாய்ப் படித்து முடித்து
அம்மாவின் காதில் ரகசியம் சொன்னாள்,
மூவருக்கும் கேட்கும்படி.

அம்மாவின் முகம் சிவந்தது.
"ஜிங் எர்!"
பிறகு என்னிடம், "சாரி லா, சாரி."
எத்தனை ஆயிரம் முறை நான் சொன்ன சொல்!
எனக்கு யாராவது சொன்னால்
என்ன பதில் என்று
ஒரு மொழியிலும் பழகியிருக்கவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்,
ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில்.

நாலில் கதவு திறந்தது.
"டைனோசருக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா, அங்கிள்?"
"வேண்டாம். உள்நாட்டுப் பயணம்."
இந்த ஊரில் உள்நாட்டு விமானமே கிடையாது.
இது ஒன்றுதான்.
கதவு மூடிய பிறகும்
அவள் சிரிப்பு
ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறிப்போனது.

இன்று துவைக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் வெறுங்கழியை வெளியே நீட்டினேன்.
மேலே பார்த்தால்
கண்ணாடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கை,
அதில் ஏதோ பச்சையாய்.
எறியாதே என்று சைகை காட்டத்தான்
கையைத் தூக்கினேன்.
அது எப்படியோ
ஏந்திக்கொள்வதுபோல் விரிந்துவிட்டது.